பத்தாவது தடம்

கட்டிய புருஷனை ஏமாற்றச் சொல்லி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு உத்தரவு தருவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், அவளே "போய் வேலையைப் பாருங்க" என்றிருப்பாள். ஆனால் அப்படித்தான் தந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தலைவரம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"இனிமே உப்பு உன் பொறுப்பு."

"என் பொறுப்பா? மேடம், சல்லடை யாருன்னு மறந்துட்டீங்களா? எங்க வீட்டுக்காரரு."

"மறக்கல. அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். உப்பு போடறது யாருன்னு அத்தனை பேரும் மோப்பம் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க. ஒருத்தி தன் புருஷன் கண்ணுலயே மண்ணைத் தூவுவான்னு எவனும் நினைக்க மாட்டான்."

"எனக்கு வாய் நிக்காது மேடம்."

"உனக்கு வீட்டு விஷயத்துலதான் வாய் நிக்காது. வேலை விஷயத்துல உன் வாய்லேர்ந்து ஒரு வார்த்தை சிந்தி நான் பாத்ததில்ல."

தலைவரம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் 'பூட்டு' என்று பெயர். பூட்டோடு வாதாடி ஜெயித்தவர்கள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. இவளும் ஜெயிக்கவில்லை.

உப்பு என்றால் என்ன என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு என்னைத் திட்டுவீர்கள். வானத்தில், தரையிலிருந்து நானூறு கிலோமீட்டர் உயரத்தில், பெரிய காந்தம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குள் எட்டுத் தகடுகள். எங்கேயோ எப்போதோ வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களின் தூசி, கண்ணுக்குத் தெரியாத அணுக்கருக்களாக, அந்தத் தகடுகளைத் துளைத்துக்கொண்டு போகும். போகிறபோது தகட்டுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகும். புள்ளிகளைச் சேர்த்தால் தடம். காந்தம் அந்தத் தடத்தை வளைக்கும். சாதாரண ஹீலியம் வலப்பக்கம் வளையும். ஹீலியத்துக்கு நேர் எதிரான சரக்கு ஒன்று உண்டு, எதிர்ஹீலியம். அது வந்தால் இடப்பக்கம் வளையும். வானத்திலிருந்து அப்படி ஒன்று வந்ததை உறுதியாகப் பார்த்தோம் என்று சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை. வந்துவிட்டால், எங்கேயோ எதிர்ப்பொருளாலேயே ஆன நட்சத்திரம் இருக்கிறது என்று அர்த்தம். அல்லது அண்டம் முழுக்க நிறைந்திருந்தும் யார் கண்ணிலும் படாத அந்த இருட்டுப் பொருள் உடைந்து சிதறுகிறது என்று அர்த்தம். இரண்டில் எது என்றாலும் பாடப் புத்தகத்தைத் திருத்தி எழுத வேண்டியதுதான்.

சிக்கல் வானத்தில் இல்லை, மனுஷனில் இருக்கிறது. ஒன்றைப் பதினோரு வருடம் தேடுகிறவன், பன்னிரண்டாம் வருடம் அதைப் பார்த்தே தீருவான், அது இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதற்காக இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் ரகசியமாகப் பொய்த் தடங்களைச் செய்து உண்மைத் தரவுக்குள் கலந்துவிடுவார். அதுதான் உப்பு. எத்தனை போட்டார், எந்தத் தேதியில் போட்டார், போட்டாரா இல்லையா என்பதே தேடுகிறவருக்குத் தெரியாது. அவர் சலித்து, எடுத்து, இதுதான் என் முடிவு என்று கையெழுத்துப் போட்ட பிறகு, உப்பு போட்டவர் பட்டியல் எழுதி ஒட்டிவைத்த உறையை எல்லார் முன்னாலும் பிரிப்பார்கள். பட்டியலில் இருப்பதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நிஜம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் சட்டதிட்டம் எழுதிச் செய்கிற கூட்டம் இது. உப்பைப் பற்றிச் சல்லடைக்கு ஒரு சொல் கசிந்தாலும் மொத்தச் சலிப்பும் செல்லாது.

சல்லடை என்பது அவளுடைய புருஷன். எழுநூறு கோடித் தடங்களில் இடப்பக்கம் வளைந்ததைச் சலித்தெடுக்கிற வேலை அவருடையது என்பதால் கூட்டத்தில் அவருக்கு அந்தப் பெயர். ஐம்பத்தெட்டு வயது. காந்தம் வெறும் காகிதப் படமாக இருந்த நாளிலிருந்து, இருபத்திரண்டு வருடமாக அதோடு மாரடிக்கிறார். அவளுடைய வேலை தரவு மேசை. மேலேயிருந்து இறங்குகிற தரவை வாங்கி, ஓட்டையை அடைத்து, அடுக்கி வைக்க வேண்டும். பதினோரு வருடமாக ஒரே நாற்காலி. அதன் ஒரு சக்கரம் நான்கு வருடமாகச் சுற்றவில்லை, அவள் கழுத்தும், ஏன் அவர் கழுத்தும்கூட, ஏறக்குறைய அப்படித்தான். போன வருடம் காந்தத்தைக் குளிர்விக்கிற திரவம் தீர்ந்துபோயிற்று. இப்போது மேலே சுற்றுவது வெறும் இரும்பு, இனி ஒரு தடமும் வராது. வந்தவரைக்கும் வந்ததைச் சலித்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அந்தக் கட்டடத்தில் எல்லாருமே கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு இலை எடுக்கிறவர்கள் மாதிரி நடமாடினார்கள்.

வீட்டிலும் அதே அசதிதான். மகள் வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த இரண்டு பேருக்கும் பேச்சு என்றால் சண்டை, சண்டை என்றால் பேச்சு. பெரிய சண்டை ஒன்றுமில்லை, குழாய் சொட்டுகிற மாதிரி நாள் முழுக்க நடக்கிற சின்னச் சண்டை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு ஒன்று, குளியலறை விளக்கை அணைக்காததற்கு ஒன்று, மூக்குக் கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டையே புரட்டிப் போட்டதற்கு ஒன்று. அவள் திட்டுவாள், அவர் "ஆமாம் தாயே" என்பார். அந்த "ஆமாம் தாயே"வுக்கு இன்னொரு தடவை திட்டுவாள். இப்படியே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவோடு அவளுடைய மேசைக்கு வந்தார். வழக்கமாக வரமாட்டார். டப்பாவைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன? டப்பா திறக்கலையா? மூடி இறுகிடுச்சா?"

அவர் குனிந்து அவள் காதருகே சொன்னார். "ஒம்பது."

"என்ன ஒம்பது?"

"இடது பக்கம் ஒம்பது. சுத்தமான தடம், எட்டுத் தகட்டுலயும் புள்ளி இருக்கு. மூணு தடவை பாத்துட்டேன்." டப்பாவை மேசைமேல் வைத்தார். "உப்பா இருக்கலாம். இருக்கலாம்னு எனக்கும் தெரியுது. ஆனா ஒம்பது போடுவாங்களா? போன தடவை ரெண்டுதானே போட்டாங்க. ஒம்பதும் உப்பா இருக்குமா, நீயே சொல்லு?"

ஒன்பதும் உப்புதான். ஒவ்வொன்றையும் அவள் கையால் செய்திருந்தாள், தேதி உட்பட அவளுக்கு மனப்பாடம். ஒன்றுகூட விடாமல் பிடித்துவிட்டாரே என்று ஒரு பக்கம் பெருமை. மறுபக்கம் அந்த முகம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், காந்தத்துக்கு அனுமதி கிடைத்த அன்று பார்த்த முகம் அது. அதற்குப் பிறகு அவள் அதைப் பார்த்ததில்லை.

"எனக்கென்ன தெரியும்? நான் மேசைக்காரி," என்றாள். "மொதல்ல சாப்பிடுங்க."

இன்னும் நான்கு வாரம் இருந்தது. அதற்குள் அவர் சரிபார்க்க வேண்டியதையெல்லாம் சரிபார்த்து, சல்லடையை இறுக்கி, கையெழுத்துப் போட வேண்டும். பிறகு உறை பிரிப்பு. நாற்பது பேர் முன்னால் தலைவரம்மா பட்டியலைப் படிப்பார். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை அடித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் பூஜ்யம். பட்டியலின் அடியில் மனைவி கையெழுத்து. அந்த நிமிடத்தில் இந்த மனுஷன் என்ன ஆவார்? அவளுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தைரியம் வரவில்லை. சொல்லிவிடவும் முடியாது. சொன்னால் அவருடைய இருபத்திரண்டு வருடத்தையும் அவளே குப்பையில் போட்டதாக ஆகிவிடும். மென்று விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

அதனால் அவள் தன்னால் முடிந்ததைச் செய்தாள். அன்று சாயங்காலம் கட்டிலில் ஈரத் துண்டு கிடந்தது. சத்தமில்லாமல் எடுத்துக் கொடியில் போட்டாள். மறுநாள் குளியலறை விளக்கு பகல் முழுக்க எரிந்தது, அணைத்தாள். அவருடைய சட்டைகளைத் தேய்த்து வைத்தாள். காலையில் அவருக்கு முன்னால் எழுந்து டீ போட்டாள். "கழுத்து எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவர் டம்ளரைப் பிடித்தபடி ஒரு நிமிடம் அவளையே பார்த்துவிட்டு, "பரவாயில்ல," என்றார்.

நான்காம் நாள் மனுஷன் சொல்லிவைத்த மாதிரி எல்லாத் தப்பையும் செய்தார். துண்டு அவள் தலையணைமேலேயே கிடந்தது. குளிர்சாதனப் பெட்டி திறந்தபடி 'கீ கீ' என்று கத்திக்கொண்டிருந்தது. செருப்புக் காலோடு கூடத்தில் நடந்து மண்ணைக் கொட்டினார். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டு அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

மகள் போன் செய்தாள். பத்து நிமிடம் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அம்மா, மறைக்காம சொல்லு. அப்பாவுக்கு ஏதாவது ஒடம்பு சரியில்லையா?"

"ஏண்டி அப்படிக் கேக்கற?"

"பத்து நிமிஷமா பேசறோம். நீ அவரைப் பத்தி ஒரு குத்தம்கூடச் சொல்லல. எனக்கு வயித்தைக் கலக்குது."

"சும்மா இருடி," என்று சிரித்துவிட்டு போனை வைத்தாள். பெற்ற பெண்ணுக்குப் போனிலேயே தெரிகிறது என்றால், ஒரே கூரையின்கீழ் இருக்கிறவருக்குத் தெரியாதா என்று அவளுக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நுணல்தான் தன் வாயால் கெடும். இவள் வாயை மூடிக்கொண்டு கெட்டாள்.

இரண்டாவது வாரத்தில் ஒன்று நடந்தது. அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து, பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து இருவரும் டீ குடிக்கிற பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. ஒருநாள் அவர், கூட்டத்தில் தகட்டு இன்ஜினியர் தூங்கி வழிந்து, திடீரென்று விழித்து, "நான் ஒத்துக்கறேன்" என்று சம்பந்தமில்லாமல் கத்தியதை நடித்துக் காட்டினார். அவளுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி, கண்ணைத் துடைத்து, நிமிர்ந்தபோது அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் அவள் காது மாடிப்படியில் அவருடைய காலடிச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இதென்ன கூத்து என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்றாவது வாரம். அவர் சமையலறையில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டம்ளர் கழுவியபடியே சொன்னார்.

"சல்லடைக் கண்ணைக் கொஞ்சம் பெருசாக்கிட்டேன்."

"அப்படின்னா?"

"எட்டுத் தகட்டுல ஏழுலயாவது புள்ளி இருந்தாதான் தடம்னு எடுத்துக்கறோம். ஆனா மூணாவது தகடு ஆறு வருஷமா பாதி செத்துக் கெடக்கு. அதோட இன்னொரு தகடு ஒரு புள்ளிய விட்டாலும் நல்ல தடம் வெளிய போயிடுது, அது நியாயமில்ல. அதனால ஆறு போதும்னு வச்சேன். கூட்டத்துலயும் எல்லாரும் சரின்னுட்டாங்க." குழாயை மூடினார். "இப்ப பத்து."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். நல்லவேளை, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு மனதுக்குள் தன் பட்டியலை எண்ணினாள். ஒன்பது. மறுபடி எண்ணினாள். ஒன்பதேதான். பத்தாவது அவளுடையது இல்லை. அப்படியானால் அது மேலேயிருந்து வந்தது. பதினோரு வருடத்தில் ஒரே ஒன்று, இடப்பக்கம் வளைந்து வந்திருக்கிறது. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள், குழாயைத் திறந்துவிட்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுகிற இந்த மேசைக்காரி. இனிப் பயமில்லை. உறையைப் பிரிக்கிற அன்று ஒன்பது போனாலும் ஒன்று மிஞ்சும். ஒன்று போதும். அவர் தலை குனிய வேண்டாம்.

மிச்சமிருந்த ஒரு வாரமும் அவளுக்கு ஒரே கவலைதான். இந்த மனுஷன் மனம் மாறிக் கண்ணை மறுபடி ஏழாக்கிவிடக் கூடாதே. ஆக்கவில்லை. வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்ட அறையில் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று யாரோ வழக்கமான கடியைக் கடித்தார்கள், இரண்டு பேர் வழக்கமாகச் சிரித்தார்கள். பலகையில் பத்துத் தேதிகள் வரிசையாக எழுதியிருந்தன. தலைவரம்மா உறையைக் கத்தியால் கீறி, காகிதத்தை விரித்து, முதலில் அடியில் இருந்த பெயரைப் படித்தார். நாற்பது தலையும் அவள் பக்கம் திரும்பின. அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவரம்மா தேதிகளைப் படிக்க ஆரம்பித்தார். ஒன்றை அடித்தார்கள், இரண்டை அடித்தார்கள். ஆறு போனபோது அறையில் பெருமூச்சு கேட்டது. ஏழு, எட்டு. ஒன்பதாவதை அடித்ததும் தலைவரம்மா காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அவ்வளவுதான்," என்றார். "பட்டியல் முடிஞ்சுது."

பலகையில் ஒரு தேதி மிஞ்சியிருந்தது.

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் ஒரு நாற்காலி பின்னால் விழுந்தது. மூன்றாவது தகட்டைச் செய்த தகட்டு இன்ஜினியர், ஆறு வருடமாக எல்லாரிடமும் பேச்சு வாங்கிய மனுஷன், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். தலைவரம்மாவின் முகத்தில்கூட என்னவோ திறந்த மாதிரி இருந்தது. அவளுக்கு ஓடிப்போய்ப் புருஷன் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அவர் எழுந்து நின்றார். "கொஞ்சம் உக்காருங்க எல்லாரும்," என்றார். கொண்டாட்டம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அந்தப் பத்தாவதை எண்ண முடியாது."

"ஏன் முடியாது?" என்றார் தலைவரம்மா.

"ஒம்பதும் உப்புன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

தலைவரம்மா அவரைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தார். "யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. இவ திட்டறதை நிறுத்திட்டா."

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. அவர் சிரிப்பு முடிகிறவரை பொறுமையாக நின்றார்.

"நாலு வாரத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை இவகிட்ட ஒம்பதுன்னு சொன்னேன். அன்னிலேர்ந்து வீட்டுல திட்டு இல்ல. மொதல்ல ஒடம்பு ஏதும் சரியில்லையோன்னு பயந்துட்டேன். நாலாவது நாள் ஒரு சோதனை பண்ணேன். துண்டைத் தலகாணி மேல போட்டேன். பிரிட்ஜைத் தொறந்து வச்சேன். கூடம் பூரா மண்ணைக் கொட்டினேன். ஒண்ணும் சொல்லாம துடைப்பத்தை எடுத்துட்டு வந்தா. இருபத்தாறு வருஷத் தரவு இருக்கு என்கிட்ட, அதுல இப்படி ஒரு நாள்கூட இல்ல. இவ என்னைப் பாத்துப் பாவப்படறா. பாவப்படணும்னா ஒம்பதும் பொய்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். அது தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவள் காது இரண்டும் கொதித்தன.

"அதுக்கப்புறம் ரெண்டு வாரம் கழிச்சுதான் கண்ணைப் பெருசாக்கினேன். பத்துன்னு சொன்னப்ப இவ மூஞ்சிய பாக்கக் கூடாதுன்னு சுவரைப் பாத்துட்டே சொன்னேன். அந்த மட்டும் நேர்மையா இருந்தேன். மூணாவது தகடு செத்தது நெஜம், ஆறு போதும்ங்கறதும் நியாயம்தான். ஆனா ஆறு வருஷமா செத்துக் கெடந்த தகடு, எனக்கு ஏன் அந்த வாரம் பாத்து ஞாபகம் வரணும்? உப்பைக் கழிச்சா பூஜ்யம்னு தெரிஞ்சுபோச்சு. ஏதாவது ஒண்ணு மிஞ்சாதான்னு இருந்துது. அந்தக் கண்ணைப் பெருசாக்கினது என் அறிவா, என் ஆசையா, எனக்கே தெரியல. எனக்கே தெரியாததை நெஜம்னு எப்படி எழுதறது?"

"நீங்க வாயைத் தொறக்கலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேய்யா," என்றார் தகட்டு இன்ஜினியர். கோபம் இல்லை, கெஞ்சல்தான். "உக்காந்திருக்கலாமே."

"உக்காந்திருக்கலாம்," என்றார் அவர்.

அவள் எழுந்தாள். "தப்பு என்னோடது மேடம். நான்தான்..."

"உக்காரு," என்றார் தலைவரம்மா. "உன் வாய்லேர்ந்து ஒரு வார்த்தை சிந்தாதுன்னு நான்தான் சொன்னேன். சிந்தல. எனக்குத்தான் அதுக்கு மேல யோசிக்கத் தோணல." காகிதத்தை மடித்தார். ஒரே நிமிடத்தில் முகம் பழையபடி பூட்டிக்கொண்டது. "இந்த ரூம்ல இருக்கற யாரும் இனிமே அந்தத் தரவைத் தொடக் கூடாது. பத்தாவது எங்க இருக்கு, எந்தக் கண்ணுல விழும்னு நாப்பது பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. இதைக் கேள்வியே படாத ஆளுங்களைத் தேடி மொத்தத்தையும் ஒப்படைக்கணும். மொதல்லேர்ந்து சலிக்கணும். மூணு வருஷமாவது ஆகும். அவங்க ஏழுன்னு வச்சா ஏழு, ஆறுன்னு வச்சா ஆறு. நாம வாயைத் தொறக்கக் கூடாது."

சல்லடைக்கு ஓய்வு வயது வர இரண்டு வருடம்தான் இருந்தது. அறையில் எல்லாருக்கும் அந்தக் கணக்கு தெரியும்.

தரவு அறைக்குள் போகிற அட்டைகளை வாசலில் இருந்த காவலரிடம் இருவரும் கொடுத்தார்கள். அவர் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வாங்கிக்கறீங்களா?" என்று கேட்டார். "இல்லப்பா," என்றார் சல்லடை.

பஸ் நிறுத்தத்தில் மத்தியான வெயில். நிழலில் இருந்த பாதி பெஞ்சில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். அவளுக்கு வாய் நிற்கவில்லை. நான்கு வாரமாக அடக்கியது மொத்தமும் பொங்கிக்கொண்டு வந்தது.

"நாலாவது நாளே தெரிஞ்சுதுல்ல உங்களுக்கு? அன்னிக்கே மேடத்துக்கிட்டப் போய்ச் சொல்லியிருந்தா, கண்ணு ஆறா ஏழான்னு வேற யாராவது முடிவு பண்ணியிருப்பாங்க. பத்தாவது பொழைச்சிருக்கும். அது நெஜமா இருந்திருந்தா? இந்த உலகத்துக்கே ஒண்ணுதான் வந்துது. அதையும் இப்ப யாராலயும் நம்ப முடியாம பண்ணிட்டீங்க. ஏன் சொல்லல? ஏன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சொன்னா மறுநாளே நீ நிறுத்திடுவ," என்றார்.

"எதை?"

"டீ போட்டுக் குடுத்த. கழுத்து எப்படி இருக்குன்னு கேட்ட. யாரும் என்னை அப்படிக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு? பரிதாபம்தான்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் வாங்கிக்கிட்டேன். ரொம்ப அசதியா இருந்தேன். நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு தெனமும் நெனைச்சேன். சாயங்காலம் படிக்கட்டுல வந்து உக்காருவ. சரி, இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுடுவேன்."

அவளுக்குத் திட்டுவதற்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒன்றுகூட நாக்கில் வரவில்லை.

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"மொதல் வாரம்தான் பரிதாபம்," என்றாள்.

அவர் கண்ணாடி இல்லாமலேயே திரும்பி அவளைப் பார்த்தார். பஸ் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். இவர்கள் இருவரும் அதைப் போகவிட்டார்கள்.